அட்வென்ச்சரா, ஸோர்க்கா?

எழுத்திலேயே நகரும் கணினி விளையாட்டுக்குப் புதிதாக வருபவர்கள் இந்த இரண்டில்தான் தடுமாறுகிறார்கள். ஸோர்க்கை 'அட்வென்ச்சரின் நகல்' என்று ஒதுக்குவதில் எனக்குச் சம்மதமே இல்லை.

தொடக்கம்: அட்வென்ச்சர், வில் க்ரௌதர் எழுதி, 1977-இல் டான் வுட்ஸ் விரித்தது. ஸோர்க், அதை ஆடிய சூட்டோடு அதே ஆண்டு அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் நால்வர் எழுதத் தொடங்கியது.

கட்டளை: அட்வென்ச்சருக்கு 'விளக்கை எடு' என்று இரண்டே சொல். ஸோர்க்கிடம் 'வாளால் பூதத்தை வெட்டு' என்று முழுசாகவே சொல்லலாம். ஆடும் சுகமே மாறிவிடுகிறது.

இடம்: கென்டக்கியின் மம்மத் குகைத் தொகுதியில் க்ரௌதர் நேரில் இறங்கி வரைபடம் எடுத்தவர். அந்தக் குகையைத்தான் அட்வென்ச்சரின் களமாக்கினார். அந்த நம்பகம் ஸோர்க்கின் கற்பனை நிலத்தடியில் இல்லை.

சுற்றிப் பார்க்க அட்வென்ச்சர் போதும். புதிரோடு மல்லுக்கட்ட வேண்டுமா, இல்லை சொந்தமாக ஒன்று எழுத ஆசையா? அப்போ ஸோர்க்தான்.