ராயபுரத்தில் ஒரு கடல்நீர்த் தொட்டி: கல் அடுக்கி இரண்டரை ஆண்டுகளுக்குப் பிறகு

2023 பிப்ரவரியில் சென்னை ராயபுரத்தில் எங்கள் வீட்டின் முன்னறையில், கடல் மீனும் பவளமும் வளர்ப்பதற்காக, மூன்றடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் கொண்ட தொட்டியில் கல் அடுக்கினேன். விளக்கும் பம்பும் சரிவராவிட்டால் மாற்றிக்கொள்ளலாம். பவளம் பற்றிப் படர்ந்துவிட்ட கல்லை அசைக்கவும் மனம் வராது. அதனால் இங்கே எழுதுவது பெரும்பாலும் கல்லைப் பற்றித்தான்.

ராமேஸ்வரம் பக்கமிருந்து கடல் கல், அதாவது செத்த பவளக்கூடு, வரவழைத்துத் தருவதாகத் தொடக்கத்திலேயே சிலர் சொன்னார்கள். மறுத்துவிட்டேன். பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. உயிருள்ளதோ செத்த கூடோ, எடுப்பதும் விற்பதும் குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் வாங்கியிருக்க மாட்டேன். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளக்கல் வெட்டி வெட்டியே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு மூழ்கிப்போயின. 2010இலும் 2016இலும் வெப்பம் தாங்காமல் அங்கே பவளங்கள் வெளுத்தன. அந்தக் கடலிலிருந்து என் வீட்டு அழகுக்காக ஒரு கைப்பிடிக் கல்கூட வரக்கூடாது.

ஆகவே கற்களை மாடியில் நானே வார்த்தேன். வெள்ளைச் சிமெண்டு ஒரு பங்கு, கோழித்தீவனத்துக்கு விற்கும் கிளிஞ்சல் நொறுக்கு மூன்று பங்கு, கல்லுப்பு ஒரு பங்கு. ஈர மணலில் குழி பறித்து அதில் கலவையைக் கொட்டினால் கரடுமுரடான வடிவம் கிடைக்கும். தண்ணீரில் ஊறும்போது கல்லுப்பு கரைந்து துளைகள் விழும். நீரில் சேரும் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா குடியேறப் போவது அந்தத் துளைகளில்தான். புதுச் சிமெண்டு நீரின் காரத்தன்மையை ஏற்றிவிடும் என்பதால் டிரம்மில் போட்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றினேன். காரத்தைக் காட்டும் பி.எச். அளவு 8.3க்கு இறங்க ஏழு வாரங்கள் ஆயின. கொளத்தூரில் வாங்கிய சுட்ட செராமிக் கற்கள் சிலவற்றையும் சேர்த்து மொத்தம் 18 கிலோ. இன்றுவரை செராமிக் கல் ஒன்றும் உடையவில்லை. நான் வார்த்தவற்றில் விரல் தடிமனுக்கும் குறைவாக இருந்த இரண்டு எட்டாம் மாதத்தில் பொரிந்து உதிர்ந்தன. வார்ப்பவர்கள் இரண்டு விரல் தடிமனுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காசிமேட்டில் படகு வைத்திருக்கும் மாமா ஒருவர், "கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, நீ உப்பைக் காசு கொடுத்து வாங்குகிறாயே தம்பி" என்று வருத்தப்பட்டார். 2017இல் எண்ணூர் அருகே கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெய் கரையெல்லாம் கருப்பாக ஒதுங்கியதை அவரும் பார்த்தவர்தான். துறைமுகத்தை ஒட்டிய தண்ணீரைத் தொட்டிக்குள் விட எனக்குத் துணிவில்லை. குழாய் நீரை ஆர்.ஓ.வில் வடிகட்டி, லிட்டருக்கு 35 கிராம் அளவில் கடலுப்புக் கலவை சேர்க்கிறேன்.

இனி அடுக்கிய முறை. மணல் போடுவதற்கு முன்பே, அடிக் கண்ணாடியின் மேல் கட்டம் போட்ட பிளாஸ்டிக் தட்டு விரித்து அதன் மேல் கற்களை உட்கார வைத்தேன். மணலின் மேல் வைத்தால், அடியில் மீன் தோண்டும்போது கல் சரிந்து கண்ணாடியில் விழும். ஒரே மதிலாகக் கட்டாமல் இடது பக்கம் உயரமான மேடு, வலது பக்கம் தாழ்ந்த மேடு, நடுவே வெறும் மணல். கற்களில் துளையிட்டு பி.வி.சி. குச்சி செருகி, ஜெல் பசையால் ஒட்டினேன். முன்பக்கம் நான்கு அங்குல இடைவெளி விட்டேன். பின்பக்கம் இரண்டே அங்குலம். அதற்கான விலையை இன்றும் கொடுக்கிறேன். அங்கே கை நுழைவதில்லை, நீரோட்டமும் போவதில்லை. கசடு தேங்கி, அது அழுகி நைட்ரேட் ஏறிக்கொண்டே வந்ததால், 2024இல் அந்த மூலைக்கென்றே நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கர் இரண்டாவதாக ஒன்று வாங்க வேண்டியதாயிற்று. நான்கு பக்கமும் உள்ளங்கை நுழையும் இடம் விடுங்கள்.

கல்லில் பாக்டீரியா பெருகட்டும் என்று, அம்மோனியா கரைசலை லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரும்படி ஊற்றிக் காத்திருந்தேன். அம்மோனியா நைட்ரைட்டாகி, நைட்ரைட் நைட்ரேட்டாக மாறி, முதல் இரண்டும் பூஜ்யத்துக்கு வர 38 நாள்கள் ஆயின. பிறகு பழுப்புப் பாசி, அதன் பிறகு பச்சை முடிப்பாசி. கல்லைத் தேய்க்க வேண்டும், மருந்து ஊற்ற வேண்டும் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். நத்தைகளை விட்டு, வாரம் பத்து சதவீத நீர் மாற்றியதோடு சரி. செப்டம்பரில் பாசி தானே அடங்கியது. அதன் பிறகுதான் முதல் பவளம்.

வைத்திருப்பவை எல்லாம் மென்பவளங்கள், மற்ற வளர்ப்பாளர்களின் தொட்டியில் வளர்ந்த துண்டுகள். காளான் பவளம் அடியில், நிழலில். பூப்பூவாய்க் கூட்டமாக வளரும் சோவாந்திட் நடுமட்டத்தில். தோல் போன்ற லெதர் கோரல் பவளம் இடது மேட்டின் உச்சியில். அது அவ்வப்போது வாடிச் சுருங்கி மெழுகுத் தோலை உரிக்கும், செத்துவிட்டதென்று எடுத்து எறிந்துவிடாதீர்கள். பச்சை நட்சத்திரப் பவளத்தைத் தனிக்கல்லில் மணல் நடுவே வைத்ததை நான் செய்த நல்ல முடிவுகளில் ஒன்றாகக் கருதுகிறேன். மேட்டில் வைத்திருந்தால் மொத்தக் கல்லையும் போர்த்தியிருக்கும். சோவாந்திட் உள்ள கல்லைக் கொதிநீரில் போட்டுச் சுத்தம் செய்யவே கூடாது. அதில் சில வகைகளில் உள்ள பாலிடாக்சின் நஞ்சு ஆவியோடு நுரையீரலுக்குப் போய் வீட்டில் உள்ள அனைவரையும் மருத்துவமனைக்கு அனுப்பிவிடக்கூடும். கையுறை இல்லாமல் தொடவும் வேண்டாம்.

ஒரு கடையில் வாங்கிய துண்டோடு, களைபோலப் பெருகிப் பவளங்களைக் கொட்டும் கண்ணாடி அனிமோன் வந்துவிட்டது. கடைக்காரர் பார்த்துத்தான் கொடுத்ததாகச் சாதித்தார். பம்பை நிறுத்தி, சுண்ணாம்பைக் குழைத்து ஊசியால் ஒவ்வொன்றின் வாயிலும் வைத்து ஒழித்தேன். நான்கு மாத வேலை.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். தெருவில் முழங்கால் தண்ணீர், இரண்டு நாள் மின்சாரம் இல்லை. பேட்டரி ஏர் பம்ப் ஒன்றுதான் துணை. அது ஓய்ந்த பின் நானும் அம்மாவும் மாறி மாறிச் சொம்பால் நீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினோம். கல்லுக்குள் இருக்கும் பாக்டீரியாவுக்கும் உயிர்க்காற்று வேண்டுமே! மின்சாரம் வந்தபோது அம்மோனியா லிட்டருக்கு 0.25 மில்லிகிராம். சீனியா பவளம் மட்டும் கரைந்துபோயிருந்தது. கோமாளி மீன் இணையும் மற்ற பவளங்களும் பிழைத்தன. பத்து மாதம் ஊறித் தேறிய கல் என்பதால்தான் அவ்வளவோடு போயிற்று என்று உறுதியாக நம்புகிறேன்.

2024 மே மாதத்தில் நீர் 31.5 பாகை தொட்டது. சோவாந்திட் ஒரு வாரம் வாய் திறக்கவில்லை. மின்விசிறிகள் இரண்டு பாகை குறைத்தன, ஆனால் தினமும் நான்கு லிட்டர் ஆவியாயிற்று. அதை ஆர்.ஓ. நீரால்தான் ஈடுகட்ட வேண்டும், உப்பு நீரால் அல்ல. அடுத்த கோடைக்கு முன் நீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கிவிட்டேன். நம் ஊரில் ஹீட்டரை விட்டுவிட்டு இதற்குப் பணம் சேருங்கள்.

கற்களில் இப்போது ஊதாப் பூச்சாகப் பவளப்பாசி பாதிக்கு மேல் படர்ந்திருக்கிறது. எது நான் வார்த்தது, எது கடையில் வாங்கியது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. இரண்டு விரல் அகலத்தில் வாங்கிய லெதர் கோரல் சாப்பாட்டுத் தட்டளவு விரிந்துவிட்டது. பெரம்பூரில் புதிதாகத் தொட்டி வைக்கும் நண்பர் அதில் ஒரு துண்டு கேட்கிறார். அவருடைய கற்கள் இன்னும் டிரம்மில் ஊறிக்கொண்டிருக்கின்றன. பாசி வந்து அடங்கட்டும், பொங்கல் கழித்து வெட்டித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.