எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி: ஒரு பெற்றோரின் மதிப்பீடு

பிள்ளையை இங்கே சேர்க்கலாமா என்று கேட்கும் உறவினர்களுக்காக இதை எழுதுகிறேன். ஐந்து வகுப்புகளுக்கும் சேர்த்து இரண்டே ஆசிரியர்கள். கல்வி உரிமைச் சட்டம் 60 மாணவர் வரையுள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களையே வகுத்திருப்பதால், சேர்க்கை குறையக் குறையப் பணியிடமும் போய்விடுகிறது; ஆசிரியர் போதவில்லை என்று மேலும் சிலர் தங்கள் பிள்ளைகளைத் தனியார் பள்ளி வேனில் ஏற்றிவிடுகிறார்கள். தலைமையாசிரியர், மாணவர் விவரங்களை அரசு இணையத்தளத்தில் ஏற்றும் எமிஸ் பதிவுக்கென்று கைப்பேசியோடு அமர்ந்துவிட்டால் ஐந்து வகுப்பும் ஒருவர் பொறுப்பு. என் பெரிய குறை இதுதான்.

கற்பித்தலைக் குறை சொல்ல மனம் வரவில்லை. 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தின்படி, 1 முதல் 3 வரையுள்ள வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் எனக் கற்றல் நிலை பார்த்துப் பிரிக்கிறார்கள். இரண்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள் ஒற்றெழுத்தில் தடுமாறியபோது, ‘படம்’, ‘பட்டம்’ என்று எழுத்தட்டைகளை மாற்றி மாற்றி அடுக்க வைத்தே ஆசிரியை அதைச் சரிசெய்தார். காலை உணவும் சூடாக, நேரத்துக்குக் கிடைக்கிறது. ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி போதாது.

அடுத்த ஆண்டும் மகள் இங்கேதான் படிப்பாள். மூன்றாவது ஆசிரியர் கேட்டுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டிருக்கிறோம்.