ஹைட்ரோமீட்டரில் சிவப்பு காட்டி ஆசிட் ஊற்றுகிறவர்கள்: குமரி மாவட்டத்தார் கவனத்துக்கு

"இன்வெர்ட்டர் பேட்டரி சர்வீஸ் பண்ணித் தாறோம்" என்று வாசலுக்கு வருகிறவர் மூடியைத் திறந்து முதலில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவார். அந்த நிமிடமே, ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை விட்டு உறிஞ்சிக் காட்டுவார். மிதவை அமுங்கி, அடர்த்தி குறைவு என்று சொல்லும் சிவப்பில் நிற்கும். "ஆசிட் செத்துப் போச்சு" என்று ஆறு செல்லிலும் புது ஆசிட் ஊற்றிக் காசு வாங்கிவிடுவார்.

இது பச்சை ஏமாற்று. புதிதாக ஊற்றிய வெள்ளம் கனம் குறைந்தது, கலக்காமல் மேலே நிற்கும். குழாய் உறிஞ்சியது அதைத்தான். நீண்ட கரண்ட் கட்டில் ஓடி இறங்கிய பேட்டரியும் சிவப்புதான் காட்டும். தகட்டுக்குள் போன ஆசிட் சார்ஜ் ஏறியதும் திரும்பி வந்துவிடும். பேட்டரியில் குறைவது வெள்ளம் மட்டுமே, அது ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரிந்து போகிறது. சிந்தாதவரை ஆசிட் குறையாது.

கூடுதல் ஆசிட் விழுந்ததும் வோல்ட் கொஞ்சம் ஏறும், பேட்டரி தேறிவிட்டது போலவே தெரியும். உள்ளே பாசிட்டிவ் தகட்டின் ஈயக் கம்பிகளை அது வேகமாக அரித்துக்கொண்டிருக்கும். இன்னும் சில வருடம் உழைக்க வேண்டிய பேட்டரி இப்படித்தான் பாழாகிறது.

அளப்பது முதலில், ஊற்றுவது பிறகு. முழு சார்ஜ் ஏறிச் சில மணி நேரம் கழித்து அளந்தால் டியூபுலர் பேட்டரியில் அடர்த்தி 1.240 பக்கம் காட்ட வேண்டும். ஒரு செல் மட்டும் 0.030-க்கு மேல் பின்தங்கினால் கோளாறு அந்தச் செல்லில். ஆசிட் அதைச் சரியாக்காது. தகடு வெளியே தெரிந்தால் மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி சார்ஜ் போடுங்கள். மீதியை சார்ஜ் முடிந்தபின் மேல் கோடு வரை ஊற்றினால் பொங்கி வழியாது. கிணற்று வெள்ளம் கூடவே கூடாது, கடலோரக் கிணறுகளில் உப்பு அதிகம். ஏசியில் சொட்டுவதும் வேண்டாம்.

குளச்சல், முட்டம் பக்கம் உப்புக் காற்றில் டெர்மினல் சீக்கிரம் பூக்கும். இன்வெர்ட்டரை அணைத்து, நெகட்டிவ் வயரை முதலில் கழற்றி, வெந்நீரில் ஆப்பச்சோடா கலந்து துடையுங்கள். மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும், சோடா செல்லுக்குள் போகக் கூடாது. காய்ந்ததும் வயரை மாட்டி முறுக்கி, வாஸ்லின் தடவுங்கள்.

ஏற்கெனவே ஆசிட் ஊற்றியிருந்தால் கம்பெனி சர்வீஸ் ஆளை அழைத்து, முழு சார்ஜில் அளந்து அடர்த்தியைக் குறைக்கச் சொல்லுங்கள். "கடைக்குக் கொண்டுபோய் சார்ஜ் போட்டுத் தாறேன்" என்று எவராவது தூக்கினால், சீரியல் நம்பரைப் படம் எடுத்துவிட்டுக் கொடுங்கள். ஈய விலைக்காகவே பேட்டரியை மாற்றிவிடுவார்கள்.