மாற்றங்களைச் சேமிக்கலாமா என்று உலாவி கேட்டால் நின்று யோசியுங்கள்

கோத்தகிரிக்கு அருகே எங்களுக்குச் சிறிய தேயிலைத் தோட்டம் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் எந்தத் தாளும் பூஞ்சணத்துக்குத் தப்புவதில்லை என்பதால், பச்சைத் தேயிலை கொடுத்த நான்கு ஆண்டு ரசீதுகளையும் அப்பா பெயரிலுள்ள பட்டா நகலையும் ஸ்கேன் செய்து கணினியில் ஒரே ஃபோல்டரில் வைத்திருந்தேன். நைந்துபோன ரசீதுகளை அதன்பின் எரித்தும்விட்டேன்.

சென்ற மாதம் கடன் விண்ணப்பம் ஒன்றுக்காக அந்தப் படங்களின் அளவைக் குறைக்க வேண்டியிருந்தது. இலவசமாகச் சுருக்கித் தருவதாகச் சொன்ன ஓர் இணையச் செயலி, படங்களை ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டாம், ஃபோல்டரையே தேர்வு செய்தால் போதும் என்றது. அந்தத் தளம் கோப்புகளைப் பார்க்கலாமா என்று குரோம் முதலில் கேட்டது. மாற்றங்களைச் சேமிக்கலாமா என்று அடுத்துக் கேட்டது. இரண்டுக்கும் சம்மதித்தேன். சில நிமிடங்களில் அசல் படங்கள் எல்லாம் போய், எடையும் தேதியும் படிக்க முடியாதபடி மங்கலான, குறுக்கே தளத்தின் பெயர் பதிந்த படங்கள் அதே பெயர்களில் இருந்தன. தெளிவான படங்களுக்கு 1,499 ரூபாய் செலுத்தச் சொல்லி ஒரு பெட்டி தோன்றியது. தெளிவான படங்களை அவர்களால் தர முடியும் என்றால், எங்கள் நில ஆவணமும் அவர்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டது என்றுதானே பொருள்? ரீசைக்கிள் பின்னிலும் எதுவும் இல்லை. கோப்பின் மேலேயே எழுதினால் பழையது அங்கே போவதில்லை.

இணைப்பு பாதுகாப்பானது என்று உலாவி காட்டியதை நம்பியதே நான் செய்த பெரிய தவறு. வழியில் வேறு யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதற்கு மட்டுமே அது உறுதி. மறுமுனையில் இருப்பவர் நேர்மையானவரா என்பதை அது சொல்லாது. முன்பு டெண்டர் தளங்களில் பயன்பட்ட, உலாவிக்குள் ஓடும் சிறு நிரல்களான ஜாவா ஆப்லெட்டுகளிலும் இதே சிக்கல் இருந்தது. ஆப்லெட்டில் இருந்த டிஜிட்டல் கையொப்பம் அதைத் தந்தவர் யார் என்பதைக் காட்டியதே தவிர, நம் கணினிக்குள் அது என்ன செய்யும் என்பதைக் காட்டவில்லை. 2020 அக்டோபரில் வந்த குரோம் 86 முதல், நாம் அனுமதித்தால் ஓர் இணையப் பக்கம் நம் ஃபோல்டரில் நேரடியாக எழுத முடியும். விண்டோஸ் அமைப்புக் கோப்புகள் உள்ள ஃபோல்டரைத் தர குரோம் மறுத்துவிடும், ஆனால் நாமே உருவாக்கிய ஃபோல்டருக்கு அந்தக் காவல் கிடையாது. படத்தைச் சுருக்கும் செயலிக்குப் படத்தைப் படித்தால் போதும், முடிவைத் தனியாகப் பதிவிறக்கத் தரலாம். எழுதும் உரிமையை அது கேட்டபோதே நான் விலகியிருக்க வேண்டும். தவிர்க்கவே முடியாது என்றால், புதிதாக ஒரு ஃபோல்டர் உருவாக்கி, தேவையான கோப்புகளின் நகல்களை மட்டும் அதில் வைத்துக் கொடுங்கள். தந்த அனுமதியைத் தள அமைப்புகளில் நீக்கிவிடலாம், ஆயினும் அதற்குள் எழுதப்பட்டது மீளாது.

நான் பணம் செலுத்தவில்லை. தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் புகார் பதிந்துவிட்டு, தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்துக்குப் போனேன். பதிவேட்டைத் தேடிப் பார்த்த எழுத்தர் கடைசி இரண்டு ஆண்டுக் கணக்கை எடுத்துத் தந்தார். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்கு என்னிடம் இப்போது இருப்பவை அந்த மங்கலான படங்கள் மட்டுமே.