பக்கவாதமா, நடுக்கவாதமா: டி.எம். நியூராலஜி முடித்தபின் எந்தப் பக்கம்?

தமிழக-கேரள எல்லையோர மார்த்தாண்டத்தில் பொது மருத்துவம் பார்க்கிறேன். நியூராலஜி, அதாவது மூளை நரம்பியல், படிக்கிற நம்ம ஊர்ப் பிள்ளைகள் லீவுக்கு வந்தால் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்கள். "சார், டி.எம். முடிச்சுட்டு ஸ்ட்ரோக் இன்டர்வென்ஷன் போகவா, மூவ்மென்ட் டிஸார்டர் போகவா?" டி.எம். என்பது எம்.டி.க்கு மேல் படிக்கிற சிறப்புப் பட்டம். முதலாவது, பக்கவாதத்தில் மூளை ரத்தக்குழாய் அடைப்பை எடுக்கிற துறை; இரண்டாவது, பார்க்கின்சன் என்கிற நடுக்கவாதம் போன்ற அசைவுக் கோளாறுகளைப் பார்க்கிற துறை. வலிப்பு நோய்ப் பிரிவும் நல்ல துறைதான், ஆனால் அவர்கள் மனதுக்குள் போட்டி இந்த இரண்டுக்கும்தான்.

படிப்புக் காலத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. எம்.பி.பி.எஸ். ஐந்தரை, எம்.டி. 3, டி.எம். 3 என்று பதினொன்றரை வருடம் இரண்டுக்கும் பொது. அதற்குமேல் மூவ்மென்ட் டிஸார்டருக்கு ஒரு வருட ஃபெல்லோஷிப். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இருக்கிறது, பக்கத்திலேயே திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா மருத்துவ நிறுவனத்திலும் இருக்கிறது. இன்டர்வென்ஷனுக்கு இதைவிடக் கூடுதல் காலம் ஆகலாம். இதை வைத்து மட்டும் யாரும் முடிவெடுக்க வேண்டாம்.

வருமானத்தில் ஸ்ட்ரோக்தான் முன்னே நிற்கும், மறைக்க ஒன்றுமில்லை. ரத்தக்குழாய் வழியாகப் போய் அடைப்பை எடுப்பது ஒரு ப்ரொசீஜர், அதற்குத் தனிக் கட்டணம். மூவ்மென்ட் டிஸார்டரில் புது நோயாளி ஒருவரை நடக்கவிட்டு, திரும்பச் சொல்லி, விரல் தட்டச் சொல்லி, எழுதச் சொல்லி, வீட்டார் சொல்வதையும் கேட்டு முடிக்க முக்கால் மணி நேரம் போய்விடும். கிடைப்பதோ தலைவலிக்கு வாங்குகிற அதே கன்சல்டேஷன். முகம் இழுப்பதற்கும் கழுத்து திருகுவதற்கும் போடுகிற போடாக்ஸ் ஊசி கொஞ்சம் கைகொடுக்கும்.

ராத்திரித் தூக்கத்தில் நிலைமை தலைகீழ். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமான கெடு நாலரை மணி நேரம். அடைப்பை எடுப்பதற்குத் தேர்ந்தெடுத்த நோயாளிகளில் 24 மணி நேரம் வரை இடமுண்டு. அதனால் போன் எப்போது வேண்டுமானாலும் அடிக்கும், ரத்தக்குழாய் சிகிச்சைக்கான கேத் லேப் இருக்கிற ஊரிலேதான் குடியிருக்கவும் வேண்டும். ஆனால் கைகால் விழுந்து வந்தவர் சில நாளில் நடந்து வீட்டுக்குப் போவதைப் பார்க்கிற சந்தோஷம் ஸ்ட்ரோக்காரருக்குத்தான். பார்க்கின்சனில் அது இல்லை. முதல் சில வருடம் மாத்திரை நன்றாகக் கேட்கும். அப்புறம் தடுமாற்றம், விழுதல், மறதி என்று வரும்போதும் அதே மனிதர் உங்கள் முன்னால்தான் உட்கார்ந்திருப்பார். பதினைந்து வருடம் ஒருவரைச் சரியவிடாமல் பிடித்துக்கொண்டிருக்க மனம் ஒப்புமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

எல்லைப் பகுதிக்குத் திரும்பி வர நினைப்பவருக்கு என் ஓட்டு மூவ்மென்ட் டிஸார்டருக்கே. பார்க்கின்சனை உறுதிசெய்ய வழக்கமான ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. கண்ணும் காதும்தான் முதல் கருவி, அவற்றை எந்தச் சின்ன ஊருக்கும் கொண்டுவரலாம்.

காது என்று சும்மா சொல்லவில்லை. களியக்காவிளைப் பக்கத்து ஆள் வந்து "கை விறைக்குது" என்பார். மலையாளத்தில் விறயல் என்றால் நடுக்கம், தமிழில் விறைப்பு என்றால் இறுக்கம், சிலருக்கோ மரத்துப்போவது. மூன்றும் மூன்று வழியில் கொண்டுபோகும். கையைப் பிடித்து மடக்கிப் பார்த்து, "எப்படி, காட்டுங்க" என்று கேட்காமல் எழுதுகிற மருந்துச்சீட்டு தப்பாகத்தான் போகும்.

எனக்குப் பாடம் சொன்னவர் ரப்பர் பால்வெட்டுகிற ஒரு அண்ணாச்சி, பார்க்கின்சன் நோயாளி. மத்தியானம் என் முன்னால் வந்து உட்காரும்போது கை சுத்தமாக இருக்கும். மாத்திரை வேலை செய்கிறது என்று நானும் அதையே எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன். திருவனந்தபுரத்தில் ஒரு மூவ்மென்ட் நிபுணர் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, "வெட்டுக்கு எத்தனை மணிக்குப் போவீங்க?" விடியுமுன்னே. முந்தின ராத்திரி போட்ட பார்க்கின்சன் மாத்திரை, லெவோடோபா, அதற்குள் தீர்ந்திருக்கும். கத்தி பட்டையில் ஆழமாக இறங்கி மரம் மரமாகக் காயம். முதல் மாத்திரையை அதிகாலை 3 மணிக்கு மாற்றினார், மொத்த அளவைக் கூட்டவே இல்லை. கூடவே, ஆயுர்வேத வைத்தியசாலையில் பொடி ஏதும் வாங்குகிறாரா என்றும் கேட்டார். வாங்கிக்கொண்டிருந்தார், நாய்க்குருணை. நம் பூனைக்காலிதான் அது. அதன் விதையில் இருப்பதும் இதே லெவோடோபா. சென்னையில் தாமோதரனும் ராமசாமியும் அதைப் பிரித்தெடுத்து 1937இல் எழுதிவிட்டார்கள். பார்க்கின்சனுக்கு அது மருந்தாக நிலைபெற்றது 1960களின் கடைசியில்தான்.

இன்னொன்று, மருந்தால் வருகிற பார்க்கின்சனிசம், அதாவது பார்க்கின்சன் போன்ற அறிகுறிகள். வயிற்றெரிச்சலுக்குத் தருகிற கேஸ் மாத்திரை சிலவற்றில் லெவோசல்பிரைடு சேர்ந்திருக்கும். மாதக்கணக்கில் விழுங்கிவிட்டு, முகம் உறைந்து, காலை இழுத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. கண்டுபிடித்து நிறுத்தினால் பெரும்பாலோர் தேறிவிடுவார்கள். உடம்பில் செம்பு சேர்ந்துவிடுகிற வில்சன் நோயும் அப்படித்தான். பேச்சு குழறுகிற பள்ளிப் பிள்ளையின் கண்ணோரத்தில் செம்பு வளையம் தெரிகிறதா என்று பார்க்க ஒருவர் இருந்தால் அந்தப் பிள்ளை பிழைக்கும்.

சரி, எங்கே வேலை பார்ப்பது? ஸ்ரீசித்ரா மாதிரி இடத்தில் குழு உண்டு, ஆராய்ச்சி உண்டு, மூளைக்குள் மின்முனை வைக்கிற டி.பி.எஸ். உண்டு. இடங்கள் மட்டும் குறைவு. கோயம்புத்தூர், கொச்சி கார்ப்பரேட் மருத்துவமனைகளிலும் டி.பி.எஸ். செய்கிறார்கள், பல லட்சம் ஆகும். ஆபரேஷனோடு அது முடிவதும் இல்லை. மின்னளவைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்ய மாதக்கணக்கில் நடக்க வேண்டும். குழித்துறையில் ரயிலேறுகிற எழுபது வயதுக்காரருக்கு அந்த ஒவ்வொரு பயணமும் மலை.

அதனால் நான் சொல்வது மூன்றாவது வழி. ஃபெல்லோஷிப்பை ஸ்ரீசித்ராவில் முடியுங்கள். இங்கே வந்து பொது நியூராலஜிஸ்டாக உட்காருங்கள், தலைவலியும் வலிப்பும் வருமானத்தைப் பார்த்துக்கொள்ளும். வாரத்தில் ஒரு மத்தியானத்தை மட்டும் நடுக்கக்காரர்களுக்கென்று ஒதுக்குங்கள். டி.பி.எஸ். ப்ரோக்ராமிங்கையும் பழகிக்கொண்டு வந்தால் குழித்துறை ஆட்களுக்குப் பாதிப் பயணம் மிச்சமாகும். என்னிடமே அனுப்புவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள், அந்த அண்ணாச்சியையும் சேர்த்து.