ரீயூனியனில் கார் எடுக்கப் போகிறீர்களா? ‘ஃபுல் இன்ஷூரன்ஸ்’ பேச்சை நம்பாதீர்கள்

மே மாத விடுமுறைக்கு, இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவுக்குப் போக நினைப்பவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். எங்களை இரண்டு பேர் ஏமாற்றினார்கள்: சென்னையில் பயணத் திட்டம் போட்டுக் கொடுத்த ஏஜென்ட், அங்கே விமான நிலையத்தில் கார் வாடகைக்குக் கொடுத்த கம்பெனி. பெயர் போடவில்லை. இதே வேலையைப் பலரும் செய்கிறார்கள், பெயரை மட்டும் தெரிந்துகொண்டு தப்பிக்க முடியாது.

“தமிழங்க இருக்கிற தீவு சார், கோயிலெல்லாம் இருக்கு, நம்ம ஊர் மாதிரிதான்” என்றார் ஏஜென்ட். கோயில்கள் இருப்பது உண்மை. கரும்புத் தோட்டங்களுக்கு அழைத்துப் போகப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் காத்து வருபவை அவை. ஆனால் ஊர்ப் பேச்சு பிரெஞ்சும், அதிலிருந்து கிளைத்த உள்ளூர் மொழியான கிரியோலும்தான். எங்கள் கையில் வந்த வாடகை ஒப்பந்தமும் முழுக்க பிரெஞ்சு.

முதல் நாள் திட்டம்: மதியம் தலைநகர் சான் தெனியில் இறங்கி, கார் எடுத்து, நேராக சிலாவோஸ் என்ற மலை ஊர். ‘110 கிலோமீட்டர், 2 மணி நேரம்’ என்று போட்டிருந்தது. தூரம் சரிதான். கடலோரமாக சான் லூயி வரை நல்ல சாலை. அதற்கப்புறம் மலை. 400க்கும் மேற்பட்ட வளைவுகள், ஒரு வண்டி மட்டும் நுழையும் குகைப்பாதைகள், திடீரென்று எதிரே பேருந்து. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருப்பதால் மே மாதம் அங்கே குளிர்காலத் தொடக்கம். 6 மணிக்கெல்லாம் இருட்டிவிடும். இடப்பக்கம் ஓட்டியே பழகியவனை, இறங்கிய அன்றே, வலப்பக்கச் சாலையில், இருட்டில் அந்த மலையில் ஏற்றுவது எந்த ஊர் திட்டம்? முதல் இரவு கடலோரத்தில் தங்கி, காலையில் ஏறுங்கள். எதிரெதிரே இரண்டு வண்டி ஒதுங்க இடமில்லாத சரிவில் இறங்குகிற வண்டிதான் முதலில் நிற்க வேண்டும், அது பிரெஞ்சுச் சாலை விதி.

கார் விஷயம் இதைவிட மோசம். ஆட்டோமேட்டிக் என்று புக் செய்து பணமும் கட்டியாயிற்று. கவுன்ட்டரில் “அது இல்லை, இதுதான் இருக்கிறது” என்று ஒரு சின்ன கியர் வண்டியின் சாவியை நீட்டினார்கள். விலைக் குறைப்பு கிடையாது. கூடவே, நாள் வாடகைக்கு மேல் ஒரு தொகை கட்டினால் ஃபுல் இன்ஷூரன்ஸ், எதற்கும் கவலை வேண்டாம் என்றார்கள். கட்டினோம். திருப்பிக் கொடுக்கும்போது ஒரு டயரின் பக்கவாட்டில் வெட்டு, கிளட்ச் தேய்மானம், இதையெல்லாம் எழுதி வைக்க ஒரு ‘ஃபைல் கட்டணம்’ என்று, கிரெடிட் கார்டில் பிடித்து வைத்திருந்த டெபாசிட்டிலிருந்து 700 யூரோவுக்கு மேல் எடுத்துவிட்டார்கள். கேட்டால், டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம், கிளட்ச் எதுவும் இன்ஷூரன்ஸில் வராதாம். மலைத் தீவில் கெட்டுப்போவதே இந்த நான்கும்தான்! அப்புறம் அது எதற்கு ஃபுல்? இந்த நான்கையும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். ரிம், டயர், அடிப்பக்கம் எல்லாவற்றையும் எடுக்கும்போதும் கொடுக்கும்போதும் வீடியோ எடுங்கள். கவுன்ட்டர் ஆள் அவசரப்படுத்துவார், படுத்தட்டும்.

நடைப்பயணத்துக்கு வருகிறேன். ‘பித்தோன் தெ நேஜ் சிகரம், எளிய நடை, 3 மணி நேரம், இரவு மலைத் தங்குமிடத்தில்’ என்றிருந்தது. அந்த 3 மணி நேரம் சுமார் 2,480 மீட்டரில் இருக்கும் தங்குமிடம் வரைக்கும்தான். சிகரம் 3,070 மீட்டர். சூரிய உதயம் பார்க்க விடிவதற்கு முன்பே டார்ச்சோடு மறுபடி ஏற வேண்டும். இந்தப் பருவத்தில் மேலே உறையும் குளிர். என் மனைவி முந்தின நாள் சந்தேகப்பட்டு விசாரித்ததால் தெரிந்தது, எங்கள் பெயரில் படுக்கையே பதிவாகவில்லை. ஒரே நாளில் போய் வருவதென்றால் கிட்டத்தட்ட 1,700 மீட்டர் ஏறி அவ்வளவும் இறங்க வேண்டும். பையனை வைத்துக்கொண்டு அது நடக்காது. ரோஷ் மெர்வேயூஸ் காட்டில் சுற்றிவிட்டு வந்தோம், நன்றாகவே இருந்தது.

எரிமலைக்குள் நடப்பதாகவும் யாராவது உறுதி கொடுத்தால் சிரித்துவிட்டு நகருங்கள். பித்தோன் தெ லா ஃபுர்னேஸ் வெடித்தால் உள்பகுதியை அரசு மூடிவிடும். மழைக்கும் சரிவுக்கும் பாதைகள் மூடப்படுவது சகஜம். வனத்துறையின் பட்டியலை முந்தின நாள் பாருங்கள். மேகம் முற்பகலிலேயே ஏறிவிடும் என்பதால் எதையும் விடியற்காலையில் தொடங்குங்கள். அவசர எண் 112. நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம், அப்போது விலை மலிவு என்று யாராவது சொன்னால் காரணம் அதுவாக இருக்கலாம். சிலாவோஸுக்கு இருப்பது ஒரே சாலை. பாறை சரிந்தால் உள்ளேயே மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தின இரவை அங்கே வைக்காதீர்கள்.

வங்கியில் புகார் கொடுத்ததில் ஆட்டோமேட்டிக்குக்கும் கியர் வண்டிக்கும் உள்ள வாடகை வித்தியாசம் திரும்பி வந்தது. டயர், கிளட்ச் பணம் வரவில்லை. ஏஜென்ட்டிடம் கேட்டால், “அடுத்த டிரிப்ல அட்ஜஸ்ட் பண்ணிடலாம் சார்” என்கிறார்.