மைசூரில் யோகா வகுப்பு தேடுகிறவர்களே, மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டாதீர்கள்

நேற்று காலைதான் மைசூரிலிருந்து திருச்சி வந்து இறங்கினேன். இடது தொடையின் பின்பக்கம் இன்னும் இழுத்துப் பிடிக்கிறது. "6,500 ரூபாய் போனது போனதுதான், விடு" என்கிறாள் அக்கா. என்னால் விட முடியவில்லை. மைசூரில் கோகுலம் என்ற பகுதியில் வகுப்பு தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

வெளியூர் போனால் அங்கிருக்கும் யோகா வகுப்பில் ஒரு நாளாவது செய்து பார்ப்பது என் பல வருடப் பழக்கம். புதுச்சேரியிலும் கொச்சியிலும் அன்றன்றைக்குக் காசு கொடுத்துச் செய்துவிட்டு வந்திருக்கிறேன், ஏமாந்ததே இல்லை. இந்த முறை அக்கா வீட்டில் 12 நாள் தங்கல். அதோடு மைசூர் என்றதும் ஒரு ஆசை. யோகா குரு கிருஷ்ணமாச்சாரியார் 1930களில் ஜகன்மோகன் அரண்மனையில் பாடம் நடத்திய ஊர். பிறகு சென்னைக்கு வந்துவிட்ட அவருடைய வழியில்தான் என் ஆசிரியரும் சொல்லிக்கொடுக்கிறார். மைசூரில் கிருஷ்ணமாச்சாரியாரிடம் படித்து, அஷ்டாங்க யோகா சொல்லிக்கொடுத்த பட்டாபி ஜோயிஸால் கோகுலத்துக்கு வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். அங்கே நல்ல ஆசிரியர்கள் நிறைய பேர் உண்டு. நான் போய் மாட்டியது ஒரு மாடிவீட்டுச் சின்ன ஸ்டூடியோவில்.

முதல் நாள் சோதனை வகுப்பு, 400 ரூபாய். அறுபது வயதிருக்கும் ஓர் ஆசிரியர். நான் பாயை விரிக்கும் முன்பே "எங்கேயாவது வலி இருக்கிறதா?" என்று கேட்டார். இடுப்பு டிஸ்க் கொஞ்சம் விலகியிருப்பதைச் சொன்னேன். காலை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனியும் பச்சிமோத்தானாசனத்துக்கு வந்தபோது ஒரு கம்பளியை நான்காக மடித்து எனக்கு அடியில் வைத்தார். முட்டியை லேசாக மடக்கச் சொன்னார். "தலை முட்டியைத் தொட வேண்டியதில்லை, முதுகு நீண்டால் போதும்" என்றார். என் ஆசிரியர் சொல்லும் அதே வார்த்தை. அந்த இடத்தில் நான் முழுசாக நம்பிவிட்டேன்.

கீழே வந்ததும் மேசையில் இருந்த பெண், "10 வகுப்பு 6,500 மேடம், இன்றைக்குக் கட்டினால்தான் இந்த விலை" என்றார். க்யூஆரை ஸ்கேன் செய்தேன். ஸ்டூடியோ பெயர் வரவில்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயர் வந்தது. கேட்டேன். "மேனேஜர் பெயர்தான் மேடம்." சரி என்று பின் நம்பரை அழுத்திவிட்டேன். ரசீது வாட்ஸ்அப்பில் வரும் என்றார்கள். இன்றுவரை வரவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் போனால் அந்த ஆசிரியர் இல்லை. இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன், கையில் போன். மைசூர் முறை தெரிந்தவர்களுக்குப் புரியும்: அவரவர் தன் மூச்சுக்குத் தன் வரிசையைச் செய்வார்கள், ஆசிரியர் சுற்றி வந்து பார்த்துத் திருத்துவார். நாம் காசு கொடுப்பதே அந்த ஒருவரின் கண்ணுக்கும் கைக்கும்தான். ஆளை மாற்றிவிட்டால் அப்புறம் என்ன மிச்சம்? மூன்றாம் நாள் இந்தப் பையன் என் முதுகில் இரண்டு கையையும் வைத்து அழுத்தினான். வேண்டாம், டிஸ்க் இருக்கிறது என்று சொல்லச் சொல்ல அழுத்தினான். தொடைக்குப் பின்னால் சுரீர் என்றது. அதோடு எழுந்து வந்துவிட்டேன்.

பிறகு நடந்ததுதான் கொடுமை. முதல் நாள் ஆசிரியர் எங்கே என்று மேசையில் கேட்டேன். "சார் ஊருக்குப் போயிருக்கார், திங்கட்கிழமை வந்துடுவார்." திங்கட்கிழமை கேட்டால், "அவர் கெஸ்ட் டீச்சர் மேடம், சோதனை வகுப்புக்கு மட்டும்தான் வருவார்." இதை 6,500 வாங்கும் முன் சொல்லியிருக்க வேண்டாமா? மீதி எட்டு வகுப்புக்காவது பணம் கொடுங்கள் என்றேன். "ரீஃபண்ட் பாலிசி இல்லை, ஆன்லைன் வகுப்பாக மாற்றித் தர்றோம்." அக்கா போய்க் கன்னடத்தில் சண்டை போட்டாள். ஓனர் பேசுவார் என்று ஒரு நம்பர் கொடுத்தார்கள். அது அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்க ஆளில்லை. 6,500 ரூபாய் எனக்கு ஒரு மாத மளிகைச் செலவு.

ஊர் ஊராகப் போய் நல்ல வகுப்பைக் கண்டுபிடிப்பது எப்படி என்று விரிவாக எழுத நினைத்தேன். இப்போது மனம் அதில் நிற்கவில்லை. அவசரமாகச் சில மட்டும். தினமும் யார் சொல்லிக்கொடுப்பார் என்று பெயரோடு எழுத்தில் வாங்குங்கள். முதல் மூன்று நாள் தனித்தனியாகவே கட்டுங்கள், கூடுதலானாலும் பரவாயில்லை. ஸ்கேன் செய்தால் வேறு பெயர் வருகிறதா, அங்கேயே நிறுத்துங்கள். உடம்பில் கோளாறு உள்ளவர்கள், தொட்டுத் திருத்த வேண்டாம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். கேட்காமல் அழுத்தினால் பாதியில் எழுந்து வரக் கூச்சப்படாதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மதியம் அங்கே புகார் கொடுக்கப் போகிறேன். பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டும் அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளும் என்னிடம் இருக்கின்றன. இதே மாதிரி அந்தப் பக்கம் யாராவது கட்டியிருந்தால் உங்கள் செய்திகளையும் அழிக்காமல் வையுங்கள்.